விசுவாச நாவலை எங்கே அச்சேற்றுவது? மட்டக்களப்பு எழுத்தாளருக்கான தெரிவுகள்

பதின்வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு விசுவாச நாவல், அதாவது கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிய கதை ஒன்று, எழுதி முடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கதை நடப்பது மட்டக்களப்பில். கதாநாயகி தரம் பத்தில் படிப்பவள். ஞாயிறு காலைகளில் கோவிலுக்குப் போகிறவள். கடவுளோடு வாக்குவாதம் செய்கிறவள். பிரதி மேசையில் கிடக்கிறது. இனி அதை யாரிடம் கொடுப்பது? திருச்சபையிடமா, ஊர் அச்சகத்திடமா, சென்னைப் பதிப்பகம் ஒன்றிடமா, சஞ்சிகைக்கா, இல்லை நேரே மின்னூலாகவா?

மறைக்கல்வி வகுப்பில் இந்த வயதுப் பிள்ளைகளோடு நெடுங்காலம் இருப்பவள் நான். அவர்களை மனதில் வைத்து ஒரு நாவலும் எழுதியிருப்பதால் இதே முடிவை நானும் எடுத்தாக வேண்டியிருந்தது. ஒவ்வொரு வழியையும் விசாரித்து, அச்சகங்களில் விலை கேட்டு, புத்தகம் போட்டவர்களோடு உட்கார்ந்து கதைத்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் வாசகர் யார் என்று பார்க்க வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் கத்தோலிக்கரும் மற்றக் கிறிஸ்தவர்களும் சேர்ந்து பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அம்பாறையில் அதைவிடவும் குறைவு. அந்தச் சிறு தொகையும் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், சுயாதீன சபையினர் என்று பிரிந்திருக்கிறது. அதற்குள்ளே பதின்வயதினர் எத்தனை பேர், அவர்களில் நாவல் வாசிப்பவர்கள் எத்தனை பேர் என்று போனால் எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிடும். ஆகவே கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒரு நாவலை எழுதலாம், ஆனால் அவர்களுக்கு மட்டுமே விற்று அச்சுக் கூலியை எடுக்க முடியாது.

மறுபுறம், இங்கே ஒரு வாய்ப்பும் இருக்கிறது. எங்கள் மாவட்டங்களின் பழைய மிஷன் பாடசாலைகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்து வந்திருக்கிறார்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் படித்தது கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும்தான். செபமாலையும் தவக்காலமும் சிலுவைப்பாதையும் இந்தப் பக்கத்து இந்துப் பிள்ளைக்குப் புதியவை அல்ல. பக்கத்து வீட்டில் நடப்பவை. ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் உள்வாழ்வை உண்மையாகச் சொல்லும் நாவலை அந்தப் பிள்ளையும் விரும்பி வாசிக்கும். ஆனால் கதை தன்னை மதம் மாற்றத்தான் வருகிறது என்ற சந்தேகம் ஒரு பக்கத்தில் தட்டுப்பட்டாலும் புத்தகத்தை மூடிவிடும். பாடசாலை நூலகப் பொறுப்பாசிரியரும் அப்படியே. அது அவர்களின் நியாயமான உரிமை.

இனி, ஒவ்வொரு வழியையும் நான் எதை வைத்து அளந்தேன் என்று சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்திருந்த பிள்ளைகள் பலர் இறந்தார்கள். அன்று ஏழெட்டு வயதில் இருந்தவர்களே இன்றைய பதின்வயதினர். அவர்களுக்காக எழுதப்படும் விசுவாச நாவல் ஒன்று, அந்தக் காலையை நேரடியாகச் சொல்லாவிட்டாலும், "கடவுள் அப்போது எங்கே இருந்தார்?" என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. என் நாவலில் கதாநாயகி செபிப்பதை நிறுத்திவிடும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் யாரும் அவளுக்குப் பதில் சொல்வதில்லை. விவிலியத்திலேயே இதற்கு இடமுண்டு: 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்குகிறது, 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் இன்றி இருளிலேயே முடிகிறது. எந்த வழியில் போனால் அந்த அத்தியாயம் வெட்டுப்படாமல் பிள்ளையின் கைக்குப் போகும்? என் ஒப்பீட்டின் முதல் கேள்வி இதுதான். பணமும் பெயரும் அதற்குப் பிறகே.

திருச்சபை வழியாகப் போவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அதற்குக் காரணமும் இருக்கிறது. இலங்கையில் தமிழ் அச்சுத் துறையை வளர்த்ததில் மிஷனரிகளுக்குப் பெரும் பங்குண்டு. 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் தொடங்கிய உதயதாரகையும், 1876இல் கத்தோலிக்கர் தொடங்கிய பாதுகாவலனும் அந்த மரபில் வந்தவை. மட்டக்களப்புக்கு 1814இல் வில்லியம் ஓல்ட் வந்து மெதடிஸ்தப் பணியைத் தொடங்கிய நாளிலிருந்து இங்கே கோவிலும் பள்ளியும் புத்தகமும் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன. 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமான பிறகு பங்குகளுக்கிடையிலான தொடர்பு இன்னும் நெருங்கியிருக்கிறது. ஒரு பங்குத்தந்தை பூசை முடிவில் இரண்டு வார்த்தை அறிவித்தால் அன்றைக்கே இருபது, முப்பது பிரதி போய்விடும். சொறிக்கல்முனை திருச்சிலுவை ஆலயம், ஆயித்தியமலை மாதா கோவில் போன்ற திருத்தலங்களின் திருவிழாக் காலத்தில் கூடும் சனத்தை எந்தப் புத்தகக் கடையும் கூட்ட முடியாது.

கத்தோலிக்க எழுத்தாளர் பலருக்குத் திருச்சபைச் சட்டம் பற்றித் தேவையற்ற பயம் இருக்கிறது. நாவலுக்கு ஆயரின் அச்சு அனுமதி வேண்டும் என்று நினைத்துப் பிரதியை வருடக்கணக்கில் பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள் உண்டு. விவிலியப் பதிப்பு, மறைக்கல்வி நூல், வழிபாட்டு நூல், இறையியல் பாடநூல் ஆகியவற்றுக்குத்தான் முன்னனுமதி தேவை. கற்பனைக் கதைக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 827ஆம் இலக்கத்தில் இன்னொரு விதி இருக்கிறது: சமயத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிய நூல்களைக் கோவிலுக்குள் வைத்து விற்கவோ கொடுக்கவோ வேண்டுமானால், அவை உரிய அதிகாரியின் அனுமதியோடு வெளிவந்திருக்க வேண்டும், அல்லது பின்னராவது அவருடைய ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். "பின்னராவது" என்பதைக் கவனியுங்கள். புத்தகத்தை உங்கள் விருப்பப்படி அச்சிட்டுவிட்டு, கோவில் வாசலில் விற்பதற்கு மட்டும் ஒப்புதல் கேட்க வழி இருக்கிறது. மெதடிஸ்த, அங்கிலிக்க, சுயாதீன சபைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே அந்தந்தப் போதகரும் சபைக் குழுவும் சம்மதித்தால் போதும்.

அப்படியானால் திருச்சபையையே வெளியீட்டாளராக வைத்துக்கொண்டால் என்ன? இங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. திருச்சபை அமைப்பு ஒன்று பணம் போட்டு வெளியிடும்போது, அதன் பெயரைத் தாங்கும் நூலுக்கு அது பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. படித்துப் பார்ப்பவர்கள் நல்லவர்கள், பிள்ளைகள் மீது அக்கறையுள்ளவர்கள். அதனாலேயே அந்த அத்தியாயத்தைப் பார்த்ததும் "கடைசியில் ஒரு குருவானவர் வந்து விளக்குவதாக வைக்கலாமே" என்று சொல்வார்கள். அப்படி வைத்த கணத்தில் நாவல் மறைக்கல்விப் பாடமாகிவிடும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது உடனே புரியும். அவர்களுக்குப் பாடம் ஏற்கெனவே இருக்கிறது. பாடசாலையில் கத்தோலிக்கத் திருமறை, கிறிஸ்தவம் என்று பரீட்சைப் பாடங்களே உண்டு. கதையிடம் அவர்கள் எதிர்பார்ப்பது வேறு.

ஒரு சபையின் வெளியீடாக வந்த நூல் மற்றச் சபைக்குள் போவதும் கடினம். எந்த விவிலியத்தை எடுத்தாள்கிறோம் என்பதிலேயே வாசகர் பிரிந்துவிடுகிறார். கத்தோலிக்கக் குடும்பத்தில் இருப்பது 1995இல் வெளிவந்த திருவிவிலியம். பெரும்பாலான புரட்டஸ்தாந்துக் குடும்பங்களில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பிலான வேதாகமம். நாவலில் பிள்ளையின் குடும்பம் எந்தச் சபை என்று தீர்மானித்து அந்தச் சொற்களை மாறாமல் வைத்துக்கொள்வதே சரி என்பது என் முடிவு. எல்லோருக்கும் பொதுவாக எழுதப் போனால் எந்த வீட்டையும் சேராத ஒரு பேச்சு வந்துவிடுகிறது. புதிய மொழிபெயர்ப்புகளுக்கு உரிமையாளர் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஓரிரு வசனங்களுக்கு மேல் எடுத்தாண்டால் அனுமதி கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, சொந்தப் பணத்தில் ஊரிலேயே அச்சிடுவது. இலங்கைத் தமிழ் நூல்களில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது. இதைத் தாழ்வாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அத்தியாயம் வெட்டுப்படாது. அட்டை உங்கள் விருப்பம். உரிமை முழுவதும் உங்களுடையது: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு எதுவும் தேவையில்லை, எழுதியவரின் ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும்.

ஆனால் வேலையும் முழுவதும் உங்களுடையது. அச்சகத்துக்குப் போகுமுன் சில விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். புத்தகம் பாரக் கணக்கில் அச்சாகிறது. ஒரு பாரம் 16 பக்கம். 160 பக்கம் என்றால் பத்துப் பாரம். 163 பக்கத்தில் முடிந்தால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரத்தின் செலவு விழலாம். பக்க வடிவமைப்பின்போதே எழுத்தளவையும் ஓரத்தையும் சரிசெய்து 160க்குள் கொண்டுவந்துவிட வேண்டும். ஓப்செட் அச்சில் தகட்டுச் செலவு முதலிலேயே விழுந்துவிடுவதால் பிரதி கூடக்கூட ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும். நூறு பிரதி மட்டும் போதுமென்றால் டிஜிட்டல் அச்சே மேல். ஐந்நூறு என்றால் ஓப்செட். 2022இல் டொலர் தட்டுப்பாட்டில் கடதாசி கிடைக்காமல் பத்திரிகைகளே பக்கம் குறைத்ததைப் பார்த்தோம். கடதாசி விலை அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே விலைமனு வாங்கினால் அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.

எழுத்துரு பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் யுனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள். பல அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற, யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில்தான் பக்கம் அமைக்கிறார்கள். மாற்றும்போது சில எழுத்துகள் குழம்பும், சில மறையும், மேற்கோள் குறி வேறொன்றாகும். மாற்றிய பிறகு வந்த பக்கங்களையே ஒப்புநோக்க வேண்டும். உங்கள் கணினியில் இருக்கும் மூலத்தைத் திருத்திவிட்டு இருந்துவிடக் கூடாது. முடிந்தால் யுனிகோடிலேயே பக்கம் அமைக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். பின்னால் மின்னூலாக்கும்போது அந்தக் கோப்பு அப்படியே உதவும்.

சர்வதேச நியம நூல் இலக்கத்தை (ISBN) கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. இலங்கை நூல்களுக்கு 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். இதைப் பெறாமல் அச்சிட்டுவிட்டுப் பிறகு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை வேண்டாம்; நூலகங்கள் வாங்கும்போது முதலில் பார்ப்பது அந்த இலக்கத்தைத்தான். அதே சபை கையெழுத்துப் பிரதிகளுக்கு வெளியீட்டு உதவியும் வழங்குகிறது. அறிவித்தல் வரும் காலத்தைக் கவனித்து விண்ணப்பிக்கலாம். ஆனால் அதை நம்பி அச்சுத் திகதியைத் தீர்மானிக்க வேண்டாம்.

பதிப்பகம் ஒன்று தரும், சொந்த அச்சு தராத ஒரே பெரிய விடயம், பதிப்பாசிரியர். எங்கள் பக்கத்தில் ஒப்புநோக்க ஆள் கிடைக்கும். எழுத்துப் பிழை திருத்தும் தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். "இந்த இரண்டாம் பகுதி தேவையில்லை, பிள்ளையின் அண்ணன் எதற்காக வருகிறான்?" என்று கேட்பவர்தான் அரிது. அவருக்குக் காசு கொடுங்கள். அட்டைக்குக் கொடுப்பதைவிட அதிகமாகக் கொடுங்கள். அதோடு ஐந்தாறு பிள்ளைகளிடம் அச்சுக்கு முன் வாசிக்கக் கொடுக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது கிறிஸ்தவர் அல்லாதவராக இருக்க வேண்டும். கதை எந்த இடத்தில் போதனையாகிறது என்பதை என்னைவிட என் வகுப்பில் இல்லாத பிள்ளைகளே சரியாகக் காட்டினார்கள்.

அச்சுக் கூலியை எப்படி எடுப்பது? இங்கே வெளியீட்டு விழா என்ற வழக்கம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதன் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்வதில்லை. ஆசியுரை, வரவேற்புரை, நயவுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், ஏற்புரை என்று நிகழ்ச்சி நடக்கும். வந்தவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி என்வலப் ஒன்றைக் கொடுத்துப் பிரதியைப் பெற்றுக்கொள்வார்கள். என்வலப்பில் இருப்பது பெரும்பாலும் புத்தக விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும். உறவும் ஊரும் சேர்ந்து எழுத்தாளரின் கடனை அடைக்கும் முறை இது, எனக்கு இதில் மிகுந்த மரியாதை உண்டு. குறையும் இருக்கிறது: அன்று புத்தகம் வாங்கும் யாரும் பதினைந்து வயதுக்காரர் அல்லர். பிரதிகள் பெரியவர்களின் அலுமாரிக்குப் போய்விடும். பதின்வயதினருக்கான நூல் என்றால் விழா மண்டபத்தோடு நிறுத்திவிட முடியாது. விழாவில் வந்த பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் பாடசாலை நூலகங்களுக்குப் பிரதிகள் கொடுக்கத் திட்டமிடுவது நல்லது. கொக்கட்டிச்சோலையிலோ திருக்கோவிலிலோ இருக்கும் பிள்ளைக்கு நகரத்துப் புத்தகக் கடை தொலைவு.

கடைகளைப் பற்றிச் சுருக்கமாக: அவர்கள் கழிவு கேட்பார்கள், விற்ற பிறகே காசு தருவார்கள். உதாரணத்துக்கு விலை 600 ரூபா, கழிவு 30 வீதம் என்றால் உங்கள் கைக்கு வருவது 420. அதில் அடக்கவிலையும் தபால் செலவும் போக என்ன மிஞ்சுகிறது என்று விலை வைக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை. இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் எழுத்தாளர்களின் முகம் மலர்வதை நான் அறிவேன். பெரிய வாசகப் பரப்பு, தேர்ந்த அட்டை, 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் கண்காட்சி, விமர்சகர்களின் கவனம் எல்லாம் அங்கே இருக்கின்றன. இரண்டு வகைப் பதிப்பகங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்தவப் பதிப்பகங்களில் 1858இல் வேர்கொண்ட கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் போன்ற பழைய நிறுவனங்கள் உண்டு. அவற்றின் வாசகர் தமிழ்நாட்டுச் சபைகளில் இருப்பவர். எங்கள் பிள்ளையின் போரும் இடப்பெயர்வும் சுனாமியும் அவருக்குச் செய்தி மட்டுமே. இலக்கியப் பதிப்பகங்கள் ஈழத்து எழுத்தை மதித்து வெளியிடுகின்றன. ஆனால் அங்கே பதின்வயதினருக்கான நாவல் என்ற பிரிவே மெலிந்தது. விசுவாசத்தை உள்ளிருந்து எழுதும் நாவலைக் கண்டால் இது பிரசாரமோ என்ற தயக்கமும் எழக்கூடும். ஒருவகையில் வியப்புதான். தமிழின் முதல் நாவலை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். எங்கள் கிழக்கிலும் 1891இல் நாவல் வெளியிட்ட திருகோணமலை இன்னாசித்தம்பி கிறிஸ்தவரே.

மொழியும் ஒரு பிரச்சினை. மட்டக்களப்புப் பிள்ளைகள் கதைப்பது போல உரையாடலை எழுதியிருப்பீர்கள். சென்னையில் அதை மாற்றச் சொல்லலாம், அல்லது பின்னால் அருஞ்சொல் அட்டவணை கேட்கலாம். அட்டவணைக்கு நான் உடன்படுவேன். உரையாடலை மாற்ற உடன்பட மாட்டேன். இந்தப் பிள்ளைகள் தங்கள் பேச்சை அச்சில் காணும் சந்தர்ப்பம் அரிது.

கணக்கைப் பார்த்தாலும் சென்னை முதற்பதிப்புக்கு ஏற்றதாக எனக்குப் படவில்லை. உரிமைத்தொகை வழக்கமாக விலையில் பத்து வீதம் அளவில் பேசப்படும். சில இடங்களில் எழுத்தாளரே நூறு, இருநூறு பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் வரும். இந்திய ரூபாவில் விலையிட்ட நூல் கப்பலேறி வந்து இங்கே விற்கப்படும்போது, அந்த விலையைக் கொடுக்க ஒரு பதின்வயதுப் பிள்ளையால் முடியாது. மட்டக்களப்பைப் பற்றிய நூல் சென்னையில் கிடைத்து மட்டக்களப்பில் கிடைக்காமல் போவது எனக்குச் சம்மதமில்லை. ஊரில் முதற்பதிப்பு வந்து, நல்ல விமர்சனம் இரண்டு மூன்று கிடைத்த பிறகு இரண்டாம் பதிப்புக்குச் சென்னையை நாடலாம். அப்போது ஒப்பந்தத்தில் அச்சு உரிமையை மட்டும், அதுவும் ஐந்தாண்டு போன்ற கால வரையறையோடு கொடுங்கள். மின்னூல், மொழிபெயர்ப்பு, இலங்கைப் பதிப்பு ஆகிய உரிமைகள் உங்களிடமே இருக்கட்டும்.

சஞ்சிகையில் தொடராக வெளியிடுவதை நாவலின் இறுதி வீடாக நான் கருதவில்லை. மட்டக்களப்பிலிருந்து வரும் மகுடம், கொழும்பின் ஞானம் போன்ற இலக்கியச் சஞ்சிகைகளில் ஓர் அத்தியாயத்தைச் சிறுகதையாக்கி வெளியிட்டால் உங்கள் பெயர் தெரியவரும், வாசகர் கடிதம் வரும். மறைமாவட்டச் சஞ்சிகைகளும் அப்படியே. சன்மானத்தை எதிர்பார்க்க வேண்டாம். இந்தச் சஞ்சிகைகளை வாசிப்பவர்களும் பெரியவர்களே.

மின்னூல் விடயத்தில் நான் கொஞ்சம் நின்று யோசித்தேன். பிள்ளைகள் எல்லோர் கையிலும், அல்லது அம்மாவின் கையிலாவது, கைபேசி இருக்கிறது. அமேசான் கிண்டில் 2016 இறுதியிலிருந்து தமிழ் நூல்களை ஏற்கிறது. அச்சுச் செலவு இல்லை. கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் எங்கள் உறவுகளுக்கு அதே நாளில் கிடைத்துவிடும். புலம்பெயர்ந்த குடும்பங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. உரிமைத்தொகை 35 அல்லது 70 வீதம். ஆனால் 70 வீதம் எல்லா நாட்டு விற்பனைக்கும் கிடைக்காது. சிறப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு மின்வடிவை வேறெங்கும் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. வாழைச்சேனையில் இருக்கும் பிள்ளைக்கு இது பெரிதாக உதவாது. வாங்குவதற்கு வங்கி அட்டை வேண்டும், அது பிள்ளையிடம் இல்லை. பிள்ளைகளுக்கு மின்வடிவம் என்றால் வாட்ஸ்அப்பில் வரும் பி.டி.எப். கோப்புத்தான். அதைத் தடுக்க யாராலும் முடியாது. முதற்பதிப்பு விற்று முடிந்ததும் 2005 முதல் இணையத்தில் இயங்கும் "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்துக்கு நானே அனுமதியோடு கொடுத்துவிட எண்ணியிருக்கிறேன். பிழையான பிரதி சுற்றுவதைவிடச் சரியான பிரதி அங்கே நிரந்தரமாக இருப்பது மேல்.

ஆங்கிலத்தில் எழுதக்கூடியவர்களுக்கு அமெரிக்கக் கிறிஸ்தவப் பதிப்புலகம் பற்றிய ஆசை வரலாம். அங்கே இளையோர் விசுவாச நாவல் என்பது ஒரு முழுத் துறை. சொண்டர்வன், தோமஸ் நெல்சன் போன்ற பெரிய பெயர்கள் இன்று ஹார்ப்பர்கொலின்ஸ் நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. கிறிஸ்தவப் புனைகதை எழுதுபவர்களுக்கென்று 2000ஆம் ஆண்டு முதல் ஒரு சங்கமே இயங்குகிறது. ஆனால் பெரிய பதிப்பகங்கள் பிரதியை நேரே வாங்குவதில்லை. முதலில் முகவர் ஒருவர் ஏற்க வேண்டும், பிறகு முன்மொழிவு, பிறகு காத்திருப்பு. ஒப்பந்தமான பின்பும் நூல் வர ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆவது சாதாரணம். அதோடு அந்தத் துறைக்கென்று வாசகர் எதிர்பார்ப்புகள் உண்டு. முடிவில் நம்பிக்கை மீண்டாக வேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது. என் அத்தியாயத்தை நினைத்துப் பார்த்தேன். அந்தக் கதவை நான் தட்டவில்லை. உங்கள் நாவல் வேறு வகையானது என்றால் தட்டிப் பாருங்கள். தமிழ்ப் பதிப்பு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஆக, யாருக்கு எது? உங்கள் பிரதி உண்மையில் மறைக்கல்விக்குத் துணைபோகும் கதையாக இருந்தால், வேதாகமப் பாத்திரம் ஒன்றை இளையோருக்கு எளிமையாகச் சொல்வதாக இருந்தால், தயங்காமல் திருச்சபையிடமே கொடுங்கள். அவர்களைப் போல் அதை யாராலும் கொண்டுசேர்க்க முடியாது. அந்த வகை நூலுக்கும் இங்கே பெரும் தேவை இருக்கிறது. உங்கள் நோக்கம் இலக்கிய உலகின் வாசிப்பு என்றால், வாசகர் வயது முக்கியமில்லை என்றால், சென்னை சரி. உறவினர் வெளிநாட்டில் நிறைய, கையில் பணம் குறைவு என்றால் மின்னூலில் தொடங்கி, விற்பனையைப் பார்த்து நூறு பிரதி டிஜிட்டல் அச்சுக்குப் போகலாம்.

கேள்வி கேட்கும் பிள்ளைக்காக எழுதப்பட்ட நாவலுக்கு ஊர் அச்சைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். முந்நூறு பிரதி. காசு கொடுத்து ஒரு பதிப்பாசிரியர். யுனிகோடில் பக்க அமைப்பு. வெளியீட்டாளர் இடத்தில் உங்கள் சொந்தப் பெயர். திருச்சபையிடம் ஆசியுரையும் விற்பனை ஒப்புதலும் கேளுங்கள். பணம் கேட்க வேண்டாம். பங்குத்தந்தைக்கோ போதகருக்கோ அச்சான பிரதியைக் கையில் கொடுத்து, அந்த அத்தியாயம் எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நான் பேசிப் பார்த்த குருக்கள் அந்த நேர்மையை மதித்தார்கள். "எங்கள் இளையோர் ஒன்றியத்தில் இதை வைத்தே ஒரு கலந்துரையாடல் நடத்துவோம்" என்று சொன்னவரும் உண்டு. வெளியீட்டாளராக இருந்திருந்தால் அவரால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவ மழை. படுவான்கரைப் பாதைகள் வெள்ளத்தில் நிற்கும், விழாவுக்கும் சனம் வராது, கடதாசியும் ஈரம் பிடிக்கும். தவக்காலத்தில் விழா வைப்பது பொருந்தாது. தை மாதத்தில் பிரதியை அச்சகத்திடம் கொடுத்தால், தவக்காலம் முழுவதும் ஒப்புநோக்கவும் அட்டையைச் சரிபார்க்கவும் அவகாசம் இருக்கும். உயிர்த்த ஞாயிறு முடிந்து சில வாரங்களில் புத்தகம் கைக்கு வரும். வைகாசியிலோ ஆனியிலோ வெளியிட்டால் ஓகஸ்ட் விடுமுறைக்கு முன் பாடசாலை நூலகங்களுக்குப் பிரதிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். பிள்ளைகள் விடுமுறையில் எடுத்துப்போய் வாசிப்பார்கள். என் பிரதியும் இந்த ஒழுங்கில்தான் அச்சகத்துக்குப் போகிறது.